மண்டியிலிருந்து மன்றத்துக்கு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ‘பேங்க் ஆஃப் அமெரிக்கா’வின் நிறுவனர் அமாதியோ பீட்டர் ஜியானினியைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்த கேள்விக்கு, அவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ‘ரீஜென்ட்’ ஆகவும் பதினைந்து ஆண்டுகள் இருந்தார் என்று ஒரு வரியில் எழுதி நிறுத்தியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ரீஜென்ட் என்பது துணைவேந்தர் போன்ற பதவியா? ஒரு வங்கி அதிபருக்கு அங்கே என்ன வேலை? (வாசகர், திருநெல்வேலி)

துணைவேந்தரை நியமிக்கும் இடத்தில் இருப்பவர்களே ரீஜென்ட்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1868-இல் தொடங்கியது. 1879-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு அதை ஒரு பொது அறக்கட்டளையாக அறிவித்து, அதன் நிர்வாகத்தை ரீஜென்ட்கள் என்ற அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தது. ஆளுங்கட்சி மாறும்போதெல்லாம் பல்கலைக்கழகமும் ஆட்டம் காணக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நாம் பேசப்போகும் 1949-ஆம் ஆண்டில் குழுவில் 24 பேர் இருந்தார்கள். அவர்களில் 16 பேரை ஆளுநர் நியமிப்பார், மற்ற எட்டுப் பேர் வகிக்கும் பதவியின் காரணமாகத் தாமாகவே உறுப்பினராவார்கள். மாநில ஆளுநரும், நம் ஊர்த் துணைவேந்தரைப் போன்ற பல்கலைக்கழகத் தலைவரும் அந்த எட்டுப் பேரில் அடக்கம். நியமன உறுப்பினரின் பதவிக்காலம் அன்று 16 ஆண்டுகள். ஆளுநர்கள் வருவார்கள், போவார்கள். ரீஜென்ட் நாற்காலியை விட்டு அசையமாட்டார்.

நிலம், கட்டடம், கடன் பத்திரம், அறக்கொடை நிதி என்று பல்கலைக்கழகத்தின் பாதிக் கவலை பணத்தைப் பற்றியது. ஆகவே பணத்தின் போக்கை அறிந்தவர்களை ஆளுநர்கள் தேடிச் சென்றதில் வியப்பில்லை. ஜியானினிக்கு முன்பே அந்த நாற்காலியில் ஒரு வங்கியாளர் நீண்ட காலம் அமர்ந்திருந்தார். பவேரியாவில் பிறந்து, 1859-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து கடை வைத்து, 1871-இல் ‘ஃபார்மர்ஸ் அண்ட் மெர்ச்சன்ட்ஸ்’ வங்கியைத் தொடங்கிய ஐசையாஸ் ஹெல்மன்தான் அவர். 1881 முதல் 1918 வரை ரீஜென்ட்டாக இருந்தார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் என்ற வேறொரு தனியார் நிறுவனத்துக்கு 1879-இல் மனைகளை நன்கொடையாக அளித்த மூவரிலும் அவர் ஒருவர். கத்தோலிக்கர் ஒருவர், புராட்டஸ்டன்ட் ஒருவர், யூதரான ஹெல்மன் என மூன்று மதத்தினர் சேர்ந்து மெதடிஸ்ட் சபையின் கல்லூரிக்கு நிலம் கொடுத்தார்கள் என்பதை லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வதுண்டு.

கேள்வி: ஜியானினி படித்தவரா? வங்கித் தொழிலுக்கு எப்படி வந்தார்? (வாசகர், ஈரோடு)

பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். 1870 மே 6-ஆம் தேதி கலிபோர்னியாவின் சான் ஹோசேயில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். அவர் சிறுவனாக இருக்கும்போதே, ஒரு டாலர் கூலித் தகராறில் தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். தாயார் மறுமணம் செய்துகொண்ட லொரென்சோ ஸ்கத்தேனா, சான் பிரான்சிஸ்கோவில் காய்கனி கமிஷன் மண்டி வைத்திருந்தார். பள்ளியை விட்டுவிட்டு மண்டிக்குள் நுழைந்த பையன், விடியுமுன் படகுத்துறையில் சரக்கு பிடிக்கவும், பள்ளத்தாக்குகளில் ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் நேரில் விலை பேசவும் கற்றுக்கொண்டு, 19 வயதில் மண்டியின் பங்குதாரரானார். 31 வயதில் தம் பங்கை ஊழியர்களுக்கே விற்றுவிட்டு ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

அந்த ஓய்வு நீடிக்கவில்லை. 1902-இல் மாமனார் இறந்தபோது குடும்பச் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அதோடு வட்டாரச் சேமிப்பு வங்கி ஒன்றின் இயக்குநர் பதவியும் வந்து சேர்ந்தது. சிறு கடைக்காரர்களுக்கும் புதிதாகக் குடியேறிய இத்தாலியர்களுக்கும் கடன் தர அந்த வங்கியின் மற்ற இயக்குநர்கள் தயங்கியதால் சண்டையிட்டு வெளியேறி, 1904 அக்டோபர் 17 அன்று, முன்பு மதுக்கடையாக இருந்த ஓர் இடத்தில் ‘பேங்க் ஆஃப் இத்தாலி’யைத் திறந்தார். அன்றைய வங்கிகள் வாடிக்கையாளர் தேடி வரட்டும் என்று காத்திருந்த வேளையில், இவர் தெருவில் இறங்கி மக்களிடம் பேசி வைப்புத்தொகை சேர்த்தார். அது வங்கியாளருக்கு அழகல்ல என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள்; மண்டியில் வளர்ந்தவருக்கு அது கூச்சமாகப் படவில்லை.

1906 ஏப்ரல் 18-ஆம் தேதி நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் சான் பிரான்சிஸ்கோவை அழித்தன. தம் வங்கியின் தங்கத்தையும் பணத்தையும் காய்கனி வண்டிகளில் ஏற்றி, மேலே பழப்பெட்டிகளை அடுக்கி மறைத்து, நகருக்கு வெளியே இருந்த தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். மற்ற வங்கிகளின் இரும்புப் பெட்டகங்கள் தீயில் காய்ந்து, திறந்தால் உள்ளே இருப்பதும் பற்றிக்கொள்ளும் என்ற நிலையில் நாள்கணக்காக மூடிக் கிடந்தபோது, படகுத்துறையில் பலகை போட்டு உட்கார்ந்து வீடு கட்டக் கடன் கொடுத்தார் ஜியானினி. ஈடு கேட்கவில்லை. முகத்தையும் கையையும் பார்த்து, பழைய பழக்கத்தை வைத்துக் கொடுத்தார் என்பார்கள். இந்தக் கதைக்குக் காலப்போக்கில் சற்றுப் பூச்சு ஏறியிருக்கலாம். ஆனால் கைகுலுக்கலை நம்பிக் கடன் கொடுத்தார் என்ற நடுக்கதையை யாரும் மறுத்ததில்லை. அந்தக் கைகுலுக்கலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அதன் பிறகு மாநிலமெங்கும் கிளைகள். நிறுவனத்துக்கு 1930-இல் ‘பேங்க் ஆஃப் அமெரிக்கா’ என்று பெயர். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிய இவர், புதிய நிர்வாகம் வங்கியைக் கூறுபோடத் தொடங்கியதும் திரும்பி வந்து, சிறு பங்குதாரர்களை ஊர் ஊராகச் சந்தித்து வாக்குத் திரட்டி, 1932 பிப்ரவரியில் வங்கியை மீட்டார். 1934-இல் ரீஜென்ட் ஆனார்.

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு அவர் 15 லட்சம் டாலர் கொடுத்ததாகப் படித்தேன். அந்தப் பணம் பதவிக்கான விலையா? (வாசகர், சேலம்)

கொடுத்தது 1928-இல், பதவி வந்தது ஆறு ஆண்டுகள் கழித்து. அதனால் மட்டும் சந்தேகம் தீர்ந்துவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பணம் எப்படி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அவருடைய முதலீட்டு நிறுவனத்தின் இயக்குநர்கள், சம்பளத்துக்குப் பதிலாக நிகர லாபத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அவருக்குத் தருவதென்று முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு லாபம் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்ததால் அவர் பங்கு 15 லட்சம் டாலரை எட்டியது. எனக்கு இது தேவையில்லை என்று மறுத்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளாதார ஆய்வுக்கு அந்தத் தொகையைக் கொடுக்கச் சொன்னார். ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலரில் பெர்க்லி வளாகத்தில் ‘ஜியானினி ஹால்’ எழுந்து 1930-இல் நிறைவடைந்தது. மீதிப் பத்து லட்சம், அதன் வட்டியிலிருந்து ஆய்வு நடக்கும்படி ‘ஜியானினி வேளாண் பொருளாதார அறக்கட்டளை’யின் முதலானது.

அவர் ஏன் மருத்துவத்தையோ சட்டத்தையோ தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்கு மண்டி வாழ்க்கையே விடை. விளைச்சல் பெருகினால் விலை விழும், விலை விழுந்தால் விவசாயி கடனில் மூழ்குவான், விவசாயி மூழ்கினால் கடன் கொடுத்தவனும் மூழ்குவான் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கத் தேவையிருக்கவில்லை. ஆயினும் ஏன் இப்படி நடக்கிறது என்பதைப் படித்தவர்கள் ஆராய வேண்டும் என்று விரும்பினார்.

இங்கேதான் உங்கள் சந்தேகத்துக்கு நியாயமான இடம் இருக்கிறது. கலிபோர்னிய விவசாயத்துக்கு மிக அதிகமாகக் கடன் கொடுத்திருந்தது இவருடைய வங்கி. பெருமந்தக் காலத்தில் தவணை கட்ட முடியாமல் கைமாறிய பண்ணைகளை நிர்வகிக்க ‘கலிபோர்னியா லேண்ட்ஸ்’ என்று ஒரு துணை நிறுவனமே நடந்தது. அதாவது, விவசாயியின் கடனை ஆராய வேண்டிய அறிஞருக்கு, அந்தக் கடனைக் கொடுத்தவரின் பெயரைத் தாங்கிய கட்டடத்தில் இருக்கை. பிறகு அந்தக் கொடையாளரே ஆட்சிக் குழுவிலும் வந்து அமர்கிறார். அவர் தலையிட்டார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் யாரும் தலையிடாமலே, எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று ஆய்வாளர் மனத்துக்குள் தோன்றும் தயக்கத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஜியானினியின் பக்கம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. பணத்தைத் தம் வங்கியின் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளாமல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பிலேயே விட்டார். உலகின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றைக் கட்டியவர் 1949-இல் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவு. பெரும் பணக்காரனாக விருப்பமில்லை என்று சொன்ன பணக்காரர்கள் பலர். சொன்னபடி இருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

கேள்வி: ரீஜென்ட்களுக்குச் சம்பளம் உண்டா? (வாசகர், காரைக்குடி)

இல்லை.

கேள்வி: அவருடைய மகனும் ரீஜென்ட்டாக இருந்து, கம்யூனிஸ எதிர்ப்பு உறுதிமொழி விவகாரத்தில் பதவி விலகுவதாக அறிவித்தார் என்கிறார்களே, அது என்ன விவகாரம்? (வாசகர், மதுரை)

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

பனிப்போர் தொடங்கிய காலம். 1949 மார்ச் 25 அன்று சாந்தா பார்பராவில் கூடிய ரீஜென்ட்கள், பல்கலைக்கழக ஊழியர் அனைவரும் அரசைக் கவிழ்க்க முயலும் எந்த அமைப்பிலும் தாம் இல்லை என்று உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதை அன்று கொண்டுவந்தவர் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் கோர்டன் ஸ்பிரவுல். ஜூன் மாதம் வாசகம் இன்னும் வெளிப்படையாகி, கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரே அதில் வந்தது. அதே ஜூன் 3-ஆம் தேதி மூத்த ஜியானினி காலமானார். அவருடைய இடத்துக்கு, 1936 முதல் வங்கியின் தலைவராக இருந்த மகன் லாரன்ஸ் மரியோ ஜியானினி நியமிக்கப்பட்டார்.

பேராசிரியர்கள் பலர் மறுத்தார்கள். அவர்கள் கம்யூனிஸ்ட்கள் என்பதற்காக அல்ல. பல ஆண்டுகளாகத் தம்மை அறிந்த நிறுவனம் திடீரென்று, வேலையில் நீடிக்க வேண்டுமானால் உன் மனத்தில் இருப்பதை எழுதிக் கொடு என்று கேட்பது பணிப்பாதுகாப்பையும் ஆசிரியப் பணியின் மானத்தையும் குலைப்பது என்று கருதினார்கள். உளவியல் அறிஞர் எட்வர்ட் டோல்மன் அவர்களுக்கு முன்னணியில் நின்றார். ஜெர்மனியில் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கான்டரோவிச்சும் கையெழுத்திட மறுத்தார். இளமையில் ஆயுதம் ஏந்திக் கம்யூனிஸ்ட்களை எதிர்த்துப் போரிட்டவர் அவர் என்பதை நினைத்தால், இந்த உறுதிமொழி யாரைக் குறிவைத்து யார் மேல் பாய்ந்தது என்பது விளங்கும்.

1950 பிப்ரவரியில், கையெழுத்திடாதவர்கள் வேலையை இழப்பார்கள் என்று குழு கெடு விதித்தது. மார்ச் இறுதியில் அதைத் திரும்பப் பெறும் தீர்மானம் 10-க்கு 10 என்று சமநிலையில் நின்று தோற்றது. உறுதிமொழியை எதிர்த்தவர்களில் மாநில ஆளுநர் ஏர்ல் வாரன் முக்கியமானவர். பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானவர் அவரே. ஸ்பிரவுலும் அதற்குள் தாம் கொண்டுவந்ததையே எதிர்க்கும் நிலைக்கு வந்திருந்தார். ஏப்ரல் 21 அன்று ஒரு சமரசம் முன்வந்தது: தனி உறுதிமொழிக்குப் பதில் பணி ஒப்பந்தத்திலேயே ஒரு வாசகம் இருக்கும், அதை ஏற்காதவர் பேராசிரியர் குழுவொன்றின் முன் தம் காரணத்தை விளக்கலாம். எதிரும் புதிருமாக இருந்தவர்கள்கூட ஒத்துக்கொள்ள, வாக்கு 21-க்கு 1 என்று முடிந்தது. அந்த ஒற்றை எதிர்வாக்கு மரியோ ஜியானினியுடையது. உறுதிமொழியைக் கைவிட்டால் சோவியத் ஆட்சிபீடமான கிரெம்ளினில் கொண்டாட்டக் கொடி பறக்கும் என்றும், இருபதாம் நூற்றாண்டுக்கு ஏற்ற காவல் படையொன்றைத் திரட்ட விரும்புவதாகவும் சொல்லி, பதவி விலகுவதாக அறிவித்தார்.

இதை அவருடைய அரசியல் ஆவேசம் என்று ஒதுக்கிவிடலாம். என்னால் அப்படி ஒதுக்க முடியவில்லை. தந்தை, ஊரே சாம்பலாகிக் கிடந்தபோது, ஈடுகூட வாங்காமல் ஆளைப் பார்த்துக் கடன் கொடுத்தவர். மகனோ, ஆண்டுக்கணக்காக வகுப்பறையில் நின்று தம்மை நிரூபித்தவர்களிடம் கையெழுத்துக் கேட்கிறார். கையெழுத்து இல்லாமல் அவர்களை நம்ப முடியாது என்கிறார். வங்கித் தொழிலில் இரண்டுக்கும் இடமுண்டு. முதலாவது ஆளை அறிந்து கொடுக்கும் கடன். இரண்டாவது, ஆளை அறியாதபோது காகிதத்தை நம்புவது. நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள வங்கிக்குத் தலைவராக இருப்பவர் காகிதத்தை நம்பித்தான் ஆக வேண்டும். அந்தப் பழக்கத்தை அப்படியே பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்ததுதான் தவறு என்பது என் கருத்து. பேராசிரியர் கிளை மேலாளர் அல்லர்; தலைமையகச் சுற்றறிக்கைக்குக் கையொப்பமிட்டு அனுப்புவது அவருடைய தொழிலில் சேர்ந்ததும் அல்ல.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சமரசம் நீடிக்கவில்லை. பேராசிரியர் குழு விசாரித்து, வேலையில் வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்த 31 பேரை 1950 ஆகஸ்ட் 25 அன்று 12-க்கு 10 என்ற வாக்கில் ரீஜென்ட்கள் பணிநீக்கம் செய்தார்கள். அவர்களில் ஒருவர்மீதுகூடக் கம்யூனிஸ்ட் என்ற குற்றச்சாட்டு இல்லை. டோல்மனும் மற்றவர்களும் நீதிமன்றம் சென்றனர். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. தீர்ப்பின் அடிப்படை சிந்தனைச் சுதந்திரம் அல்ல. ஊழியர் விசுவாசம் பற்றி மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றியிருக்கும்போது ரீஜென்ட்கள் தனியாக ஒன்றைத் திணிக்க முடியாது என்பதே. அதனால் திரும்பி வந்தவர்கள் மாநிலத்தின் பொது உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டியிருந்தது என்பது கசப்பான பின்குறிப்பு. தீர்ப்பு வந்த நாள் 1952 அக்டோபர் 17. தந்தை வங்கியைத் திறந்த அதே தேதி, 48 ஆண்டுகள் கழித்து. மரியோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை. பிறவியிலிருந்தே ரத்தம் உறையாக் குறைபாட்டோடு போராடி வந்த அவர் அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துவிட்டார்.

கேள்வி: வங்கியாளர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போவது சரி, பல்கலைக்கழகத் தலைவர் வங்கிக்குப் போனதுண்டா? (வாசகர், கோயம்புத்தூர்)

போயிருக்க வேண்டியது. 1939-இல் ஸ்பிரவுலை ‘ஆங்லோ கலிபோர்னியா நேஷனல்’ வங்கியின் தலைவராக வரும்படி அழைத்தார்கள். மாணவர்கள் திரண்டு போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள், அவரும் மறுத்துவிட்டார். போயிருந்தால் பத்து ஆண்டுகள் கழித்து வந்த உறுதிமொழியைக் கொண்டுவந்த பழி அவருக்கு இருந்திருக்காது.

கேள்வி: அப்படியானால் வங்கியாளர்களை இத்தகைய குழுக்களில் சேர்க்கவே கூடாது என்கிறீர்களா? (வாசகர், வேலூர்)

அப்படிச் சொல்லவில்லை. ஹெல்மன் 37 ஆண்டுகள் இருந்தார். அவர் காலத்தில் ஒரு சிறிய கல்லூரியாக இருந்தது பெரிய பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பணத்தை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது, எந்தக் கட்டடத்துக்கு எப்போது கடன் வாங்கலாம் என்று தெரிந்த ஒருவர் மேசையில் இருப்பது நல்லதே. ஆனால் அந்த மேசைக்கு வரும் எல்லாக் கேள்வியும் பணத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. யார் பாடம் நடத்தத் தகுந்தவர் என்ற கேள்வியில் வங்கித் தலைவருக்கும் பழக்கடைக்காரருக்கும் ஒரே அளவு அறிவுதான். வாக்கு மட்டும் ஒருவருக்கு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. 1950-இல் சிக்கல் முற்றியதற்கு வங்கியாளர் மட்டும் காரணம் என்பதும் நியாயமாகாது. உறுதிமொழிக்காக மிகக் கடுமையாக நின்றவர் ஜான் பிரான்சிஸ் நேலன் என்ற வழக்கறிஞர்.

என்னைக் கேட்டால், கொடையாளருக்கும் ஆட்சிக் குழுவுக்கும் இடையே ஒரு தூரம் வேண்டும் என்பேன். 15 லட்சம் டாலர் கொடுத்தவர் 1934-இல் அந்த நாற்காலியை ஏற்காமலே இருந்திருந்தால் அவர் கொடையின் மதிப்பு இன்னும் கூடியிருக்கும். அப்படியிருந்தால், அவர் மறைந்த பின் அந்த இடம் குடும்பச் சொத்தைப் போல மகனுக்குப் போயிருக்கவும் வழியில்லை.

கேள்வி: இன்று பெர்க்லிக்குப் போனால் இவர்களின் சுவடு ஏதாவது தென்படுமா? (வாசகர், சென்னை)

வளாகத்தின் மேற்குப் பகுதியில், பழைய வேளாண் கட்டடங்களோடு சேர்ந்து ஜியானினி ஹால் நிற்கிறது. அறக்கட்டளையும் நடக்கிறது, தண்ணீர், பண்ணைக் கூலி, பாதாம், திராட்சை விலை என்று கலிபோர்னிய விவசாயத்தின் கணக்குகளை அதன் ஆய்வாளர்கள் இன்றும் எழுதிவருகிறார்கள். வங்கி 1998-இல் ‘நேஷன்ஸ் பேங்க்’கோடு இணைந்து, தலைமையகம் வட கரோலினாவின் ஷார்லட் நகருக்குப் போய்விட்டது. டோல்மனைத் துரத்திய பல்கலைக்கழகம் பிற்பாடு அவர் பெயரில் ஒரு கட்டடத்தை எழுப்பி, அதில் உளவியல் துறையை வைத்தது. நிலநடுக்கத்தைத் தாங்காது என்று கண்டுபிடித்து, 2019-இல் அதை இடித்துவிட்டார்கள்.